அரை மணியில் ப்ளான் அப்ரூவல்: சுயசான்று அனுமதிச் சேவை, ஒரு மதிப்பீடு

சேவை: தமிழ்நாடு அரசின் ஒற்றைச் சாளர இணையதளத்தில் சுயசான்று அடிப்படையிலான கட்டட அனுமதி. 2024 ஜூலை 22 முதல் நடைமுறையில் இருக்கிறது.
யாருக்கு: 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ, தரைத்தளமும் முதல் தளமுமோ குடியிருக்கக் கட்டுபவர்களுக்கு.
மதிப்பெண்: வேகத்துக்கு ஐந்துக்கு ஐந்து. வழிகாட்டலுக்கு ஐந்துக்கு இரண்டு.

சின்ன ஊர் நகராட்சியில் வீட்டுக்கு அனுமதி வாங்குவது என்றால் முன்பெல்லாம் நகரமைப்புப் பிரிவுக்கு நாலைந்து நடை. ஆய்வாளர் மனையைப் பார்க்க வரும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும், குறை சொன்னால் வரைபடத்தைத் திருத்திக் கொடுக்க வேண்டும், பிறகு கட்டணச் சீட்டுக்கு இன்னொரு காத்திருப்பு. சுயசான்றுத் திட்டம் இந்த நடை எல்லாவற்றையும் எடுத்துவிட்டது. விவரங்களை நிரப்பி, ஆவணங்களை ஏற்றி, பணம் கட்டினால் க்யூஆர் குறியீட்டோடு அனுமதி கையில் வந்துவிடும். அனுமதிக்கு முன் கள ஆய்வு கிடையாது. பரிசீலனைக் கட்டணமும், உட்கட்டமைப்பு மற்றும் வசதிகள் கட்டணமும் முழுவதும் விலக்கு. வீடு முடிந்த பின் பணி நிறைவுச் சான்றும் வாங்க வேண்டியதில்லை.

காகிதங்கள் சுத்தமாக இருப்பவருக்கு இதைவிட நல்ல சேவையை நகராட்சி தந்ததில்லை. ஆனால் எதை ஒப்புக்கொண்டு 'சமர்ப்பி' என்று அழுத்துகிறோம் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். முன்பு ஆய்வாளர் பார்த்த வேலையை இப்போது யாரும் பார்ப்பதில்லை. மனை சட்டப்படி சரி, அளவு சரி, செட்பேக் (எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே விடும் காலி இடம்) சரி என்று நாமே எழுதிக் கொடுக்கிறோம். இணையதளம் அதை அப்படியே நம்புகிறது. தவறு தெரிந்தால் அனுமதி ரத்தாகும். நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன் 56, 57 பிரிவுகளின்கீழ் நோட்டீஸும் சீல் வைப்பும் வரலாம். அனுமதித் தாள் கையில் இருப்பதால் கட்டியது சரியாகிவிடாது.

முதலில் மனையின் அளவு. சின்ன ஊர்களில் மனையைச் சென்ட் கணக்கில்தான் பேசுவார்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஐந்தரை சென்ட் என்றால் 2,395.8, திட்டத்துக்குள் அடங்கும். ஐந்தே முக்கால் என்றால் 2,504.7, நாலே முக்கால் சதுர அடியால் வெளியே போய்விடும். ஆறு சென்ட் 2,613.6, பேச்சே இல்லை. நாற்பதுக்கு அறுபது மனைக்குக் கவலை வேண்டாம், ஐம்பதுக்கு ஐம்பது சரியாக எல்லைக் கோட்டில் நிற்கும். அளவைக் குறைத்து எழுதி உள்ளே நுழைந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பத்திரத்தையும் பட்டாவையும் நீங்களேதான் ஏற்றுகிறீர்கள், இரண்டிலும் பரப்பு அச்சாகியிருக்கிறது.

பத்திரமும் பட்டாவும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவது இன்னொரு தலைவலி. பத்திரம் சதுர அடியில் பேசும். கிராமக் கணக்குப் பட்டா ஹெக்டேர், ஏர் என்று பேசும். நகர நில அளவைப் பதிவேடு சதுர மீட்டரில் இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 1,076 சதுர அடி. 2,400 சதுர அடி மனை 222.97 சதுர மீட்டர். பட்டாவில் அது 2.22 ஏர் என்று இறங்கியிருந்தால் பத்து சதுர அடி காணாமல் போனது போலத் தெரியும். இது முழுமையாக்கலில் வந்த வித்தியாசம், பயப்பட வேண்டியதில்லை. அதுவே பத்திரத்தில் 2,400, பட்டாவில் 2,150 என்று இருந்தால் கதை வேறு. பக்கத்து மனைக்காரர் கல்லைத் தள்ளி நட்டிருக்கலாம், சாலைக்கு நிலம் போயிருக்கலாம், உட்பிரிவு செய்தபோதே தவறு நேர்ந்திருக்கலாம். நில அளவைத் துறையின் புலப்படத்தை (மனையின் அளவு வரைபடம்) எடுத்து, சர்வேயரை வைத்து நாலு மூலையும் அளந்து கல் ஊன்றிய பிறகே விண்ணப்பத்தைத் திறக்க வேண்டும். பத்திரம், பட்டா, தரையில் உள்ள அளவு ஆகிய மூன்றில் எது குறைவோ அதை வைத்து வரைபடம் போடுவதுதான் பாதுகாப்பு.

பட்டா தனிப்பட்டாவாக இருக்க வேண்டும். அப்பா பெயரில் கிடக்கும் பட்டாவோ, அண்ணன் தம்பி நாலு பேர் பெயர் உள்ள கூட்டுப் பட்டாவோ இருந்தால் பாகப்பிரிவினையோ தானமோ பதிவு செய்து, உட்பிரிவு முடித்து, உங்கள் பெயருக்கு மாற்றிய பிறகே வாருங்கள். இதற்கு வாரக்கணக்கில் ஆகும். 'அரை மணி' என்பது இதற்கெல்லாம் பிறகு தொடங்கும் அரை மணி. பெயரையும் பாருங்கள். பத்திரத்தில் 'மு. செல்வம்', ஆதாரில் 'செல்வம் முருகன்' என்று இருந்தால் வங்கிக் கடனுக்குப் போகும்போது அது பூதாகரமாகும்.

அடுத்தது அப்ரூவல் மனையா என்ற கேள்வி. இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். நகரை ஒட்டிய பகுதிகளில் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லி விற்ற மனைகள் ஏராளம். ஊராட்சித் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள ஒரு வரைபடத்தைக் காட்டுவார்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. பின்னாளில் அந்தப் பகுதி பேரூராட்சியாகவோ நகராட்சியாகவோ ஆனாலும் அந்தத் தாளுக்கு மதிப்பு கூடுவதில்லை. டி.டி.சி.பி. எனும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் மனைப்பிரிவு அனுமதி எண் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அனுமதியில்லாத மனையை முறைப்படுத்தித் தரும் வரன்முறை ஆணை இருக்க வேண்டும். 2017-இல் வந்த வரன்முறை விதிகள் 2016 அக்டோபர் 20 வரை பதிவான அனுமதியற்ற மனைகளுக்கானவை. மனைப்பிரிவு முழுவதற்கும் ஓர் ஒப்புதல், அதன் பிறகு உங்கள் மனைக்குத் தனி ஆணை என்று இரண்டு கட்டம் உண்டு. முதல் கட்டம் முடிந்ததை வைத்து "எல்லாம் ரெகுலரைஸ் ஆயிடுச்சு" என்று விற்பவர் சொல்வார். உங்கள் மனை எண்ணோடு உள்ள ஆணையைக் கேளுங்கள்.

ஊருக்குள் உள்ள பழைய நத்தம் (ஊர்க் குடியிருப்புப் பகுதி) மனைக்கு மனைப்பிரிவு எண் என்று ஒன்று இருக்காது. அதை இந்தப் படிவத்துக்குள் திணிக்காமல், நத்தம் பட்டாவை எடுத்துக்கொண்டு நகரமைப்புப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டருக்கு முன் அனுமதி வேண்டும். கும்பகோணம், தாராசுரம் போன்ற கோயில் ஊர்களில் இது வெறும் ஏட்டு விதி அல்ல. இணையதளம் இதைக் கண்டுபிடித்துத் தடுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஏரி, வாய்க்கால் ஓரம், மலைப்பகுதி, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான்.

இனி கட்டடம். 3,500 சதுர அடி என்றதும் தாராளமாகத் தோன்றும். நாற்பதுக்கு அறுபது மனையில் கீழே 1,700, மேலே 1,700 என்று வரைந்தால் 3,400, உள்ளேதான் இருக்கிறோம் என்று நினைப்பார்கள். போர்டிகோ 150, மொட்டை மாடிக்கு ஏறும் படிக்கட்டு அறை 120 சேர்த்தால் 3,670. இவற்றையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். கட்டணமும் கட்டடப் பரப்பின் மீது சதுர அடிக்கு இவ்வளவு என்றுதான் வருகிறது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என ஒவ்வொன்றுக்கும் விகிதம் வேறு, நகராட்சிகளுக்குள்ளும் நிலைக்கு ஏற்ப மாறும். முன்பு பல தலைப்புகளில் வாங்கியதை ஒரே தொகையாக்கிவிட்டதால், திரையில் தெரியும் எண்ணைப் பார்த்துச் சிலர் திடுக்கிடுவார்கள். பழைய முறையில் தவணை தவணையாகக் கட்டியதை யாரும் கூட்டிப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். எதிர்வீட்டுக்காரர் ஊராட்சியாக இருந்தபோது கட்டிய தொகையோடு, ஊர் நகராட்சியான பிறகு உங்களுக்கு வரும் தொகையை ஒப்பிடுவதில் பொருளில்லை.

திட்டம் தொடங்கியபோது வைத்த உயர வரம்பு 7 மீட்டர். இதைப் பலரும் கவனிப்பதில்லை. ஏழு மீட்டர் என்பது 23 அடிக்கு அரை அங்குலம் குறைவு. சாலை போடும்போதெல்லாம் மட்டம் ஏறுகிறது என்று பேஸ்மட்டத்தை மூன்றடி தூக்குவது இப்போது வழக்கம். மேலே ஒவ்வொரு தளமும் கான்கிரீட்டோடு பத்தரை அடி என்றால் 3 + 10½ + 10½ = 24 அடி, அதாவது 7.3 மீட்டர். ஓர் அடி அதிகம். பேஸ்மட்டம் இரண்டடி, தளம் பத்தடி என்றால் 22 அடி, 6.7 மீட்டரில் நிற்கும். பேஸ்மட்டம் மூன்றடி கட்டாயம் வேண்டும் என்றால் தளத்தைப் பத்தடிக்கு மேல் விடாதீர்கள், பத்தடி வைத்தாலே 23 அடி வந்து அரை அங்குலம் தாண்டும். ஒரு தளத்தில் இரண்டு அங்குலம் குறையுங்கள். மேஸ்திரியிடம் இதை அஸ்திவாரம் தோண்டும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

செட்பேக்கில் நடக்கும் தவறு வரைபடத்தில் இருக்காது, நூல் கட்டும்போது நடக்கும். 20, 23 அடித் தெருவில் உள்ள வீட்டுக்கு முன்பக்கம் 1.5 மீட்டர் விட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொத்தனார் அதை 'அஞ்சடி' என்று எடுத்துக்கொள்வார், கணக்கு சரிதான், 4 அடி 11 அங்குலம். ஆனால் அந்த அஞ்சடியைச் சுவரின் நடுக்கோட்டிலிருந்து அளந்து நூல் கட்டுவார். ஒன்பது அங்குலச் சுவர் என்றால் நாலரை அங்குலம் வெளியே வரும், அதன் மேல் அரை அங்குலப் பூச்சு. மிச்சம் இருப்பது 4 அடி 7 அங்குலம், சுமார் 1.4 மீட்டர். பத்து சென்டிமீட்டர் போய்விட்டது. இதைத் தவிர்க்கும் வழி எளிது: நடுக்கோட்டை ஐந்தரை அடியில் போடுங்கள். எங்கிருந்து அளப்பது என்பதும் முக்கியம். காம்பவுண்டுச் சுவர் தெருவுக்குள் ஓரடி தள்ளிக் கட்டியிருந்தால் அந்தச் சுவரிலிருந்து அளப்பது வீண். மனையின் எல்லைக் கல்தான் தொடக்கம்.

பக்கவாட்டு, பின்புற இடைவெளி மனையின் அகலத்துக்கும் கட்டடத்தின் உயரத்துக்கும் ஏற்ப மாறும். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் அட்டவணையாகவே இருக்கிறது, அவ்வப்போது திருத்தமும் வருகிறது. எனவே பக்கத்துத் தெருவில் மூன்று வருடத்துக்கு முன் கட்டிய வீட்டைப் பார்த்து அளவு வைக்காமல், பொறியாளரிடம் நடப்பு அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். செட்பேக்கில் கை வைக்கும் பழக்கமான ஆசாமிகள் மூவர்: வெளிப்புறப் படிக்கட்டு, குளியலறை, அலமாரிக்காகச் சுவரை வெளியே தள்ளுவது. மூன்றும் வரைபடத்தில் இருக்காது, வேலை பாதியில் 'இங்க சும்மா கிடக்கே' என்று முளைப்பவை.

சின்ன ஊருக்கே உரிய இன்னொரு ஆசை, வீட்டின் முன்னால் ஒரு கடை. ஷட்டர் போட்டு வாடகைக்கு விட்டால் கடன் தவணைக்காவது உதவும் என்பது நியாயமான கணக்குதான். ஆனால் இந்தத் திட்டம் குடியிருப்புக்கு மட்டும். வரைபடத்தில் 'கார் நிறுத்தம்' என்று போட்டுவிட்டு ஷட்டர் மாட்டினால் நீங்கள் கொடுத்த உறுதிமொழிக்கே அது முரண். கடைக்கு வணிக மின் இணைப்பு கேட்கும்போதும், தொழில் உரிமம் எடுக்கும்போதும், சொத்து வரி போடும்போதும் அந்த முரண் வெளியே வரும். கடை வேண்டும் என்றால் வழக்கமான முறையில், பதிவுபெற்ற பொறியாளர் மூலம் விண்ணப்பியுங்கள். தாமதமாகும், ஆனால் கடை கடையாகவே தாளில் இருக்கும்.

இணையதளத்தைப் பற்றி. கிரையப் பத்திரம், பட்டா, மனைப்பிரிவு அனுமதி அல்லது வரன்முறை ஆணை, மனையின் புகைப்படம், வரைபடம் இவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அரை மணி போதும். படிவத்தின் நடுவே எழுந்து போய்த் தேடினால் போதாது. வில்லங்கச் சான்றையும் காலிமனை வரி ரசீதையும் உடன் வைத்திருங்கள், வங்கிக்கு எப்படியும் வேண்டும். கைபேசியில் சாய்வாகப் படம் எடுத்த பத்திரத்தை ஏற்றாதீர்கள். நிழல் விழுந்த பக்கத்தில் சர்வே எண் தெரியாமல் போனால் பின்னாளில் சிக்கல் உங்களுக்குத்தான். சமமாக ஸ்கேன் செய்து, எல்லாப் பக்கமும் வரிசையாக ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள். பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் உள்ள நான்கு எல்லை விவரமும் அளவும்தான் முக்கியம், அதை விட்டுவிட்டு முதல் நாலு பக்கத்தை மட்டும் ஏற்றுபவர்கள் நிறைய. மனைப் புகைப்படத்தில் எல்லைக் கல்லும் எதிரே உள்ள சாலையும் தெரிய வேண்டும். அஸ்திவாரம் தோண்டிய குழியோடு படம் எடுத்து அனுப்பினால், அனுமதிக்கு முன்பே வேலை தொடங்கியதற்கு நீங்களே சாட்சி கொடுத்தது போலாகும்.

சர்வே எண்ணைத் தட்டும்போது உட்பிரிவை விட்டுவிடாதீர்கள். 112/3-உம் 112/3ஏ-உம் வேறு வேறு மனை. நகர அளவை முடிந்த ஊர்களில் பழைய சர்வே எண் பத்திரத்திலும், வார்டு, பிளாக், நகர அளவை எண் பட்டாவிலும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் பதிவேட்டு நகலை எடுத்து வைப்பது நல்லது.

கைபேசி எண் உங்களுடையதாக இருக்கட்டும். இது சின்ன விஷயமாகத் தோன்றும். பிரவுசிங் சென்டரிலோ இடைத்தரகரிடமோ ஒப்படைத்தால் அவர் தன் எண்ணைப் போட்டுக் கணக்குத் தொடங்குவார், ஓடிபி அவருக்கே போகும், அனுமதித் தாளின் அசலும் அவர் கணக்கில் இருக்கும். ஆறு மாதம் கழித்து வங்கி நகல் கேட்கும்போது அவரைத் தேடிப் போக வேண்டும். 'அப்ரூவலுக்கு மொத்தமா இவ்வளவு' என்று பேக்கேஜ் சொல்பவரிடம் அரசுக் கட்டணம் எவ்வளவு, அவர் கூலி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். ரசீதில் உள்ள தொகைதான் அரசுக்குப் போனது.

பொறியாளரே வேண்டாம் என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. கம்பி எவ்வளவு, தூண் எங்கே என்று இந்த அனுமதி எதுவும் சொல்லாது. கரிசல் மண்ணில் அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்பதை இணையதளம் கேட்பதே இல்லை. வீட்டுக் கடன் எடுப்பவர்களுக்கு வங்கியின் மதிப்பீட்டாளர் வருவார். அவர் பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடத்தையும், அனுமதித் தாளையும், கட்டிய அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். அனுமதியில் 1,800 சதுர அடி, தரையில் 2,150 என்றால் அடுத்த தவணை நிற்கும். நகராட்சி ஆய்வாளர் வராவிட்டாலும் இவர் வருவார்.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டு மறந்துவிடுவது வழக்கம். கழிவுநீர்த் தொட்டியை எந்தப் பக்கம் வைக்கிறோம் என்று முடிவு செய்யும்போதே இதற்கும் இடம் ஒதுக்கிவிடுங்கள். இரண்டும் அடுத்தடுத்து வந்தால் சேமித்த தண்ணீரைக் கிணற்றில் விட முடியாது.

குறைகளைச் சொல்வதென்றால், படிவம் எதையும் விளக்குவதில்லை. 'கட்டடப் பரப்பு' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் போர்டிகோ சேருமா சேராதா என்று ஒரு வரி எழுதியிருந்தால் பாதிக் குழப்பம் தீரும். செட்பேக் அட்டவணையை அங்கேயே காட்டியிருக்கலாம். சாலை அகலத்தை நிரப்பச் சொல்கிறது, அளக்கும் முறையைச் சொல்வதில்லை. தார் போட்ட அகலத்தைப் போட்டுவிடுகிறார்கள். மனைப்பிரிவு வரைபடத்தில் உள்ள சாலை அகலம்தான் கணக்கு, இருபுறமும் உள்ள மண்பகுதியும் சாக்கடையும் அதில் சேரும்.

அனுமதி வந்ததும் இரண்டு நகல் எடுங்கள். ஒன்றை லேமினேட் செய்து வேலை நடக்கும் இடத்தில் மாட்டுங்கள். யாராவது வந்து கேட்டால் மேஸ்திரி அதைக் காட்டினால் போதும், க்யூஆரை அவர்களே ஸ்கேன் செய்துகொள்வார்கள். இன்னொன்று தற்காலிக மின் இணைப்புக்கு. வீடு முடிந்ததும் காலிமனை வரியிலிருந்து கட்டட வரிக்கு மாற்ற நீங்களாகவே விண்ணப்பியுங்கள், வரி விதிப்பு எண் இல்லாமல் குடிநீர் இணைப்பு நகராது.